மறுத்தலும் மறைத்தலும்

1

தமிழில் புலாலை மறுத்தவர்கள் அதை உற்றுப் பார்த்துவிட்டு மறுத்தார்கள். நம்முடைய நவீன உரைநடை அதை மறுக்கவுமில்லை, பார்க்கவுமில்லை. துண்டைப் போட்டு மூடிவிட்டது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். புலால் தின்னலாமா கூடாதா என்ற விசாரணையில் நான் இறங்கவில்லை. நான் தின்கிறவன். தின்னாத நண்பர்களும் எனக்கு உண்டு. அவர்களில் இரண்டொருவர் இந்தப் பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். என் கேள்வி வேறு. நம் எழுத்தில் வாய் என்ற உறுப்புக்கு என்ன நேர்ந்தது?

முதலில் சொற்களைப் பார்க்கலாம். மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை 2014-ல் எடுத்த கணக்கின்படி, தமிழ்நாட்டில் பதினைந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்கிறவர்கள். இந்த 97 பேருடைய சாப்பாட்டுக்கு நம் மொழி இன்று வைத்திருக்கும் பொதுப்பெயர் அசைவம். ஒரு சமயத்தின் பெயர் சாப்பாட்டுக்குப் பெயராகி, அதற்கு முன்னால் ஓர் எதிர்மறை எழுத்து ஒட்டிக்கொண்டு, பெரும்பான்மையோர் இலையில் இருப்பதைக் குறிக்கிறது. மூன்று பேர் இலையில் இருப்பதற்குப் பெயர் இருக்கிறது. மற்றவர்கள் இலையில் இருப்பது அந்தப் பெயர் இல்லாத ஏதோ ஒன்று. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இந்த இடத்தில் மச்சம் என்கிறார்கள். மீனைக் குறித்த சொல்தான், ஆட்டிறைச்சிக்கும் அதுவே பொதுவாக நிற்கிறது. கொஞ்சம் விநோதம்தான். ஆனாலும் ஒரு பொருளின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் பொருளைக் கூப்பிடுகிறார்கள்.

கறி என்ற சொல்லின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. சங்கப் பாட்டில் அது மிளகு. பின்னால் மிளகிட்டுச் சமைத்தது எல்லாம் கறியாயிற்று. இன்று ஒரே தெருவில் ஒரு வீட்டில் கறி என்றால் வாழைக்காய், எதிர்வீட்டில் ஆட்டிறைச்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் 'கறி எடுத்தாச்சா?' என்று கேட்கிற வாய்க்கு அதன் அர்த்தத்தில் சந்தேகமே கிடையாது. அதே மனிதர் கல்யாணப் பத்திரிகையோ கதையோ எழுத உட்கார்ந்தால் அது 'அசைவ விருந்து' ஆகிவிடுகிறது. வாயிலிருந்து பேனாவுக்கு வருகிற வழியில் சொல் கைகழுவிக்கொள்கிறது.

2

பொருநராற்றுப்படையை மறுபடி படித்துப் பார்க்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கரிகாலன் அவையில் அந்தப் பொருநன் தின்கிறான். அறுகம்புல் மேய்ந்த செம்மறியின் தொடையை வேகவைத்துக் கொடுக்கிறார்கள். இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த துண்டுகளைக் கொடுக்கிறார்கள். சூடு பொறுக்காமல் துண்டை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறான். போதும் என்றாலும் அரசன் விடுவதாயில்லை. பகலும் இரவும் தின்று அவன் பல், கொல்லையை உழுத கலப்பைக் கொழுபோல மழுங்கிப் போகிறது. மூச்சு விடவும் இடமில்லாமல் சாப்பாட்டின் பேரிலேயே வெறுப்பு வந்துவிடுகிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். வெந்தது, சுட்டது, வாய்ச்சூடு, பல், சலிப்பு. முடத்தாமக்கண்ணியார் இங்கே கறியை எதற்கும் சின்னமாக நிறுத்தவில்லை. அரசனின் வள்ளன்மையைச் சொல்வதுதான் ஆற்றுப்படையின் காரியம், வாஸ்தவம். ஆனால் வள்ளன்மை பல்லின் வழியாகத் தெரியவருகிறது. அந்தக் கொழு உவமை சாப்பாட்டிலிருந்து நம்மைப் புன்செய்க்குக் கொண்டுபோகிறது. உழவனின் இரும்பும் பாடகனின் பல்லும் ஒரே விதமாகத் தேய்கின்றன. படிமம் படிமம் என்று இருபது வருஷம் பேசினாலும் இதற்குமேல் என்ன சொல்லிவிட முடியும்?

பெரும்பாணாற்றுப்படையில் ஒரு பன்றி வருகிறது. ஆண் பன்றி. சேற்றில் புரண்டு குட்டிகளோடு திரியும் பெட்டையிடம் போகவிடாமல் அதைக் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீனியாகப் போட்டுப் பல நாள் வளர்க்கிறார்கள். பிறகு அதன் கொழுப்பு நிறைந்த கறியும் கள்ளும் வழிப்போக்கனுக்குக் கிடைக்கும் என்கிறார் உருத்திரங்கண்ணனார். நாலைந்து அடிக்குள் ஒரு கால்நடைப் பண்ணையே அடங்கியிருக்கிறது. என்ன தீனி, எத்தனை நாள், எதிலிருந்து பிரித்து வைத்தார்கள், அதனால் கறி எப்படி ஆயிற்று என்று எல்லாம் அதில் உண்டு. பன்றிக்கு மறுக்கப்பட்ட சுகத்தையும் அவர் விடவில்லை. மிருகம் இலைக்கு வந்து சேர்ந்த வழி அவருக்குத் தெரியும்; அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமும் இல்லை, குதூகலமும் இல்லை.

கபிலர் தன்னை அந்தணன் என்று சொல்லிக்கொண்டவர். சேரமான் அவர் கையைப் பற்றி, ஏன் இத்தனை மென்மை என்று கேட்கும்போது, பூமணப் புகையூட்டிய கறியையும் துவையலையும் சோற்றையும் உண்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்று பதில் வருகிறது. புறநானூற்றில் 14-ஆம் பாட்டு. அதே கபிலர் பாரி செத்த பிறகு பறம்பைவிட்டுப் போகும்போது, அங்கே திறந்த கள்ளையும் வெட்டிய ஆட்டுக்கிடாயையும் ஊன்சோற்றையும்தான் முதலில் நினைத்துக்கொள்கிறார். துக்கத்தின் முதல் சொல்லாக அது வருகிறது. நட்பின் இழப்பை நாக்கில் உணர்வது கீழ்த்தரம் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சங்க காலம் பொற்காலம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கோஷத்தைப் போடுகிறவர்கள் மேடையில் இந்தப் பாட்டுகளை எடுப்பதே அபூர்வம். வீரமும் காதலும் எடுத்துக்கொண்டு தொடைக்கறியை விட்டுவிடுவார்கள்.

3

பிறகு மறுப்பு வந்தது. இங்கே நம்மவர்கள் ஒரு தவறான கணக்குப் போடுகிறார்கள். அறநூல்கள் வந்ததும் புலால் இலக்கியத்திலிருந்து போய்விட்டது என்று நினைக்கிறார்கள். நடந்தது அதற்கு நேர் எதிர்.

திருக்குறளின் 26-ஆம் அதிகாரம் புலால் மறுத்தல். அது துறவறவியலில் இருக்கிறது, இல்லறவியலில் இல்லை. விருந்தோம்பல் பற்றிய அதிகாரத்தில் விருந்தாளிக்கு என்ன போட வேண்டும், என்ன போடக்கூடாது என்று வள்ளுவர் விதி எதுவும் சொல்லவில்லை. மறுத்தல் என்பதைத் துறவியின் சாதனையாக வைத்துவிட்டு, அங்கே விஷயத்தைக் கூர்மையாகப் பார்க்கிறார். தின்கிறவன் இல்லாவிட்டால் விற்கிறவன் இல்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. சுத்தமான சந்தைக் கணக்கு. இன்னொரு குறளில் புலாலை வேறோர் உடம்பின் புண் என்கிறார். அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டுமானால் அதைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தட்டில் இருப்பதன் ஈரத்தையும் சிவப்பையும் பார்க்காதவன் நாவில் புண் என்ற வார்த்தை எழாது.

மணிமேகலையில் சாதுவன் கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் மனிதனையே தின்கிறவர்கள். அவனோ அவர்கள் பாஷை அறிந்தவன், அதனால் தப்பிக்கிறான். கள்ளையும் ஊனையும் விடச் சொல்லி அவன் செய்கிற உபதேசத்தைக் கேட்டுவிட்டு நாகர் தலைவன் ஒன்று கேட்கிறான்: இவற்றை விட்டால் எங்களுக்கு வாழ்க்கை ஏது, எங்களுக்குப் பொருந்துகிற அறம் எதுவோ அதைச் சொல். சாத்தனார் இந்தக் கேள்வியை எழுதியது ஒரு பெரிய கலைஞனின் காரியம். உபதேசிக்கும் நூலில், உபதேசம் கேட்கிறவனுக்கு நியாயமான வாய் கொடுத்துவிட்டார். சாதுவன் இறங்கி வருகிறான். கரை ஒதுங்கும் மனிதரைக் கொல்லாதீர்கள், மூத்துத் தானாகச் சாகும் விலங்கைத் தவிர மற்ற உயிருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்கிறான். அறம் இடத்துக்குத் தக்கபடி பேரம் பேசுகிறது. பௌத்தத்தின் இந்தச் சலுகையை நீலகேசி பிற்பாடு விடாமல் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறது. செத்ததைத் தின்றால் பாவமில்லையா, உனக்காகக் கொன்றதா உன் பொருட்டு விற்றதா என்று சமணக் கூர்மையோடு வாதம் நீளுகிறது. புலாலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகத் தமிழில் சிந்தித்தவர்கள் அதைத் தின்னாதவர்கள்தான்.

சேக்கிழார் விஷயம் இன்னும் சிக்கலானது. சைவம் என்ற சொல்லுக்கு இன்றைய அர்த்தத்தைக் கொடுத்த மரபின் தலைமை நூலில், வேடன் ஒருவன் பன்றியை அறுத்து, நல்ல துண்டுகளைத் தேர்ந்து, அம்பில் கோத்து நெருப்பில் காய்ச்சி, ஒவ்வொன்றையும் பல்லால் மென்று ருசி பார்த்து, பக்குவமானதை மட்டும் இலைக்கல்லையில் வைத்துக் கொண்டுபோகிறான். காளத்தியில் இறைவன் ஏற்றுக்கொள்கிறான். காலையில் வந்து எலும்பைப் பார்த்துப் பதறும் சிவகோசரியாரும் சேக்கிழாருக்கு வேண்டியவர்தான். அவரையும் கேலி செய்யவில்லை. சிறுத்தொண்டர் புராணத்தில் இது உச்சத்துக்குப் போகிறது. பிள்ளையைச் சமைக்கிறார்கள். தலைக்கறி படையலுக்கு ஆகாது என்று விலக்கிவைக்க, வந்த பைரவர் அதுவும் வேண்டும் என்கிறார். சந்தனத்தாதியார் அதை ஏற்கனவே சமைத்து வைத்திருக்கிறாள். வேலைக்காரியின் அந்த முன்யோசனை என்னைத் தூங்கவிடாத இடங்களில் ஒன்று. புலால் உண்ணாத மரபில் நின்ற ஒரு கவி, சமையலறையின் ஒழுங்கை அப்படியே வைத்து, அதன் மூலமாகவே பயங்கரத்தைக் கொண்டுவருகிறார். துண்டைப் போட்டு மூடியிருந்தால் இது கிடைத்திருக்காது.

வள்ளலாரையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். 1867-ல் வடலூரில் தருமச்சாலை தொடங்கியவர், புலால் கண்டு தாம் நடுங்கியதைப் பாடினார். நடுக்கம் உடம்பில் நிகழ்வது. மறுப்பும் ஓர் அனுபவம்தான் என்பதற்கு அவரே சாட்சி.

4

ஆக, தின்ற கவிகளுக்கும் மறுத்த கவிகளுக்கும் பொதுவாக ஒன்று இருந்தது. பொருள் அவர்கள் முன்னால் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் உரைநடை வந்தபோது இது அறுந்துபோயிற்று என்பது என் கட்சி. காரணம் அறமல்ல, நாசூக்கு.

புதுமைப்பித்தன் 1943-ல் கடவுளைச் சென்னைக்கு வரவழைத்துக் கந்தசாமிப் பிள்ளையோடு அனுப்பினார். பிள்ளை கடவுளை எங்கே கூட்டிப்போகிறார்? காப்பி ஹோட்டலுக்கு. அந்தக் காப்பியில் சிக்கரி கலந்திருப்பதைக் கண்டுபிடிக்கிற நாக்கு மகா கூர்மையான நாக்கு. தி. ஜானகிராமனிடம் காப்பிக்குக் கிடைத்த நுட்பம் வேறு பாஷையில் ஒயினுக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியவில்லை. நவீனத் தமிழ் உரைநடைக்கு ருசி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பித்தளை டபராவின் விளிம்போடு அந்த ருசி நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். அதே காலத்தில் மதுரைப் பக்கம் வேறொரு சாமி ஹோட்டல் பலகையில் ஏறிவிட்டார். திருமங்கலத்துக்குப் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் முனியாண்டி பெயரில் கறிச்சோற்றுக் கடை வைத்தார்கள். வருஷா வருஷம் ஊருக்குத் திரும்பி அந்தச் சாமிக்குக் கிடா வெட்டிப் பிரியாணி போடுகிறார்கள். குலதெய்வம், வியாபாரம், இடப்பெயர்ச்சி, ருசி எல்லாம் சேர்ந்த ஒரு நாவல் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறது. எழுதியவர்கள் காப்பி ஹோட்டலிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

எழுதியவர்களின் ஜாதியைச் சொல்லி இதை முடித்துவிடலாம். அது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால் சௌகரியமானது. கறி தின்னும் வீடுகளிலிருந்து வந்தவர்களும் எழுத உட்கார்ந்தபோது கைகழுவிக்கொண்டார்கள் என்பதே மீதி. கதையில் கறி வந்தால் மூன்று இடத்தில்தான் வரும்: திருவிழாக் கூட்டத்தில், குடிகாரன் பக்கத்தில், வில்லன் இலையில். ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையில், நல்லவள் ஒருத்தி, குடலைப் புரட்டிச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுகிறாள் என்று எழுத எங்கோ ஒரு கை தடுக்கிறது. அந்தக் கை யாருடையது?

விமர்சனத்தினுடையது என்று நினைக்கிறேன். நாம் பாராட்டுகிற வார்த்தைகளைப் பாருங்கள். சுத்தமான நடை. தெளிவு. பக்குவம். திகட்டாத தன்மை. கண்டிக்கிற வார்த்தை கொச்சை. ஆட்டுப் பாலில் அடிக்கிற வாடைக்கும் கொச்சை வாடை என்றுதான் பெயர். நம் ரசனையின் அகராதியே ஒரு குறிப்பிட்ட அடுக்களையில் தயாரானது. அந்த அடுக்களை மேல் எனக்குக் குரோதமில்லை. அதில் சமைத்தது அருமையாகவே இருந்தது. ஆனால் அதன் துடைத்த தரையை இலக்கியத்துக்குப் பொதுவிதியாக எடுத்துக்கொண்டதுதான் நாம் கேட்காமலே ஏற்றுக்கொண்ட காரியம்.

பி.ஏ.-வில் எனக்குச் சார்லஸ் லாம் 1822-ல் எழுதிய பன்றி வறுவல் கட்டுரை பாடமாக இருந்தது. தீப்பிடித்த குடிசையில் வெந்த பன்றிக்குட்டியைத் தொட்டுச் சுட்டுக்கொண்ட விரலைப் பையன் வாயில் வைக்கும் இடத்தை வகுப்பே ரசித்தது. கறி தின்னாத ஆசிரியர் அதைக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு நடத்தினார். அவருக்கு அது உறுத்தவில்லை, இங்கிலீஷில் இருந்தது. ஜாய்ஸ் 1922-ல் தன் யூதக் கதாநாயகனைக் காலையில் கடைக்கு அனுப்பிப் பன்றியின் சிறுநீரகம் வாங்கவைத்து, அது அடுப்பில் கருகுவதுவரை எழுதியதை நாம் நனவோடை உத்தி என்று கொண்டாடுகிறோம். உத்தியை எடுத்துக்கொண்டோம். வாணலியை அங்கேயே விட்டுவிட்டோம். நம் கூட்டங்கள் முடிந்ததும் நாம் போகிற இடம் புரோட்டாக் கடை. நம் கவிதைகள் போகிற இடம் மட்டும் இன்னும் காப்பிக் கடைதான்.

5

இலையில் இல்லாவிட்டாலும் பட்டியில் இருக்கிறது என்று யாராவது பதில் சொல்லலாம். சரிதான். ஆடு வளர்ப்பதைப் பற்றித் தமிழில் நல்ல புனைவுகள் உண்டு. கி. ராஜநாராயணனின் 'கிடை', சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' இரண்டும் மேய்ச்சலின் உலகத்தை உள்ளேயிருந்து காட்டுகிறவை. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டைக் கிடை போட்டால், சாணத்துக்கும் மூத்திரத்துக்கும் நிலக்காரன் கூலி கொடுப்பான். ஆட்டின் முதல் விளைச்சல் எரு, கறி அதற்கப்புறம். இந்தப் பொருளாதாரத்தை அறிந்த எழுத்து இது. ஆனால் இவற்றின் கவனம் ஆட்டின் உயிர்மேல், மேய்க்கிறவனின் வாழ்வின்மேல்.

என் உத்தியோகம் என்னை இந்தச் சங்கிலியின் நடுக்கண்ணியில் உட்காரவைத்திருக்கிறது. நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில் ஆட்டுக்கடன் உண்டு. பத்துப் பெட்டைக்கு ஒரு கிடாய் என்று அலகு. 2019-ல் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்புக்கும் நீட்டிக்கப்பட்டதிலிருந்து விண்ணப்பங்கள் அதிகம். காப்பீடு செய்த ஆட்டின் காதில் எண்ணிட்ட வில்லை அடிக்கிறார்கள். ஆடு செத்தால் காப்பீட்டுக்காரருக்கு வேண்டியது அந்த வில்லை. வில்லை இல்லையென்றால் ஆடு சாகவில்லை. கடன் கட்டத் தவறிய ஒருவர், பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக மூன்று கிடாயை விற்றதாகச் சொல்வார். வியாபாரி இடுப்பெலும்பில் விரலை அழுத்திப் பார்த்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையை முடித்திருப்பான். உயிரெடையில் பாதிதான் கறியாகத் தேறும் என்பது இருவருக்கும் தெரியும். என் பேரேட்டில் அது 'சொத்து விற்பனை'. ஊர்ப் பேச்சில் 'ஆட்டைப் பிடிச்சுக் கொடுத்தேன்'. கசாப்புக் கடையில் தொடைக்கறி, நெஞ்செலும்பு, ஈரல், குடல், தலை, கால். பிரசவித்தவளுக்கும் ரத்தமில்லாத பிள்ளைக்கும் கேட்டு வாங்கிப்போகிற மண்ணீரலுக்குச் சுவரொட்டி என்று பெயர். இப்படி ஒரு பெயரை வைத்த ஜனங்களுக்குக் கவித்துவம் யாரும் கற்பிக்க வேண்டாம். ஒரே உயிர் மூன்று பாஷையில் மூன்றாகப் பிரிகிறது. இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கோக்கிற உரைநடையைத்தான் நான் தேடுகிறேன். உருத்திரங்கண்ணனார் அந்தப் பன்றிக்குச் செய்தது அதுவே.

2011-ல் தமிழ்நாடு அரசு ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. விலையில்லா வெள்ளாடு என்று பெயர். விலையில்லாதது எது, விலைமதிப்பில்லாதது எது என்று மயங்கவைக்கும் இந்தச் சொல்லை ஒரு கவிஞனும் சீண்டவில்லை.

பெருமாள்முருகன் மட்டும் பக்கத்தில் வந்தார். 'பூனாச்சி' 2016-ல் வந்தது. அதில் பிறந்த குட்டிகளை எல்லாம் அதிகாரிகளிடம் பதிவு செய்து காது குத்திக்கொள்ள ஜனங்கள் வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். அந்த அத்தியாயத்தை நான் வங்கி மேஜையில் வைத்தே படித்தேன். என் பேரேடு பேச ஆரம்பித்ததுபோல் இருந்தது. மனிதரைப் பற்றி எழுதப் பயம், மாட்டையும் பன்றியையும் பற்றி எழுதவே கூடாது, ஆகவே ஆடு என்று முன்னுரையில் காரணம் சொல்கிறார். முந்தின வருஷம்தான் அவர் எழுத்தாளனாகத் தாம் செத்துவிட்டதாக அறிவிக்கவேண்டி வந்தது. எந்த மிருகம் கதைக்குள் வரலாம் என்று ஊர் தீர்மானிக்கும் காலத்தில் எழுதப்பட்ட நாவல் அது. அதன் குறை என்று எனக்குப் படுவது, பூனாச்சியை மனுஷியாக்கிவிடுகிற இடங்கள். ஆடு ஆடாக இருந்து கறியாவதில் உள்ள மௌனம், பெண்ணின் துயரமாக மொழிபெயர்க்கப்பட்டதும் கொஞ்சம் சுலபமாகிவிடுகிறது.

6

கடைசியாக ஒரு தர்மசங்கடம். 1950-ஆம் வருஷத்து உயிர்ப்பலித் தடைச் சட்டம் இங்கே பல காலம் தூங்கிக்கொண்டிருந்தது. 2003-ல் அரசு அதைத் தட்டி எழுப்பிற்று. கிராமக் கோயில்களில் கிடாவெட்டு நின்றது. 2004-ல் சட்டத்தையே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று. 2017 மே மாதம் மத்திய அரசு வெட்டுக்கு மாடு விற்பதைச் சந்தையில் தடுக்க விதி கொண்டுவந்தது; மதுரைக் கிளை உயர்நீதிமன்றம் அந்த மாதமே இடைக்காலத் தடை கொடுத்தது. அதே வாரங்களில் சென்னை ஐ.ஐ.டி.யில் மாட்டுக்கறி விருந்தில் கலந்துகொண்ட ஒரு மாணவர் அடிபட்டார். 2023 டிசம்பரில் வந்த 'அன்னபூரணி' படத்தில் ஸ்ரீரங்கத்து அய்யங்கார் பெண் கறி சமைக்கிறாள் என்பதற்காகவும், ராமர் புலால் உண்டதைச் சொல்லும் வசனத்துக்காகவும் கூச்சல் எழுந்து, 2024 ஜனவரியில் இணையத் திரையிலிருந்து அது எடுக்கப்பட்டது. படம் சாதாரணமானது. நாக்கின் கதையாகத் தொடங்கி உபதேசமாக முடிகிறது. எடுத்தவர்கள் அந்தக் காரணத்துக்காக எடுக்கவில்லை.

இந்தச் சூழ்நிலையில் மாட்டுக்கறி என்ற சொல் தலித் எழுத்தில் கொடியாக உயர்ந்தது. எந்தச் சொல்லால் ஒருவனை ஊருக்கு வெளியே நிறுத்தினார்களோ அதையே அவன் உயர்த்திப் பிடிப்பது நியாயம். அதைக் கலையல்ல என்று தள்ளுகிற விமர்சனம், அதற்கு முந்தைய அறுபது வருஷ மௌனத்தைக் கலை என்று ஏற்றுக்கொண்ட விமர்சனம்தான். ஆனால் கொடியைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். சட்டியைக் கிட்டப்போய்த்தான் பார்க்க முடியும். கொடியாகிவிட்ட கறியும் ஒருவகையில் துண்டு போட்டு மூடியதுதான் என்று சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

ஜெயமோகனின் 'சோற்றுக்கணக்கு' (2011) வேறு திசையிலிருந்து வருகிறது. திருவனந்தபுரத்தில் கெத்தேல் சாகிப், பசித்த மாணவனின் இலையில் மீனையும் கோழியையும் கணக்குப் பார்க்காமல் போடுகிறார். அந்தக் கடையின் ருசிக்கு ஊர் அலைமோதுவதைச் சொல்லும் பகுதிகளில் பொருநனின் பல் ஞாபகம் வருகிறது. சமீபத்தில் தமிழில் வாய் திறந்த இடம் அது. ஆனால் கதை வளர வளர இலையில் கண்ணீர் விழுந்துவிடுகிறது. கோழிக்கால் தாயன்பாகிவிடுகிறது. அறம் வந்ததும் ருசி எழுந்து நின்று இடம் கொடுத்துவிடுகிறது. பொருநனிடம் வள்ளன்மைக்காகப் பல் தன் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் நம் உரைநடை இன்னும் போகவேண்டிய தூரம்.

கறி தின்னும் கதை நிறைய வேண்டும் என்பதல்ல நான் கேட்பது. தின்னாதவர் தின்னாததை எழுதட்டும். வள்ளுவரைப்போல, நீலகேசிக்காரரைப்போலக் கண்ணைத் திறந்துகொண்டு எழுதட்டும். குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுகிறவளைத் திண்ணையிலிருந்து முகம் சுளித்துப் பார்த்தாலும் சரி, பார்த்ததை எழுதினால் அது இலக்கியம். எதிர்வீட்டு அம்மியில் மிளகு அரைபடும் ஓசையைக் கேட்டும் கேட்காததுபோல் ஒரு தெருவையே எழுதிவிடுவதுதான் பொய். எங்களுக்கு ஒத்த அறத்தைச் சொல் என்று நாகர் தலைவன் சாதுவனைக் கேட்டான். சாதுவனுக்கு அவர்கள் பாஷை தெரிந்திருந்தது, பதில் சொல்ல முடிந்தது. நம் விமர்சனம் அந்தப் பாஷையைப் படிக்க வேண்டும். தொடைக்கறி, நெஞ்செலும்பு, சுவரொட்டி என்று கசாப்புக் கடைப் பலகையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.